ஊர் கொந்தளிக்கும்போது இலக்கியம் படிப்பது எப்படி: ஒரு சிறு வாசிப்புக் குழுவுக்கான முழு வழிகாட்டி

2019 டிசம்பரில் குடியுரிமைச் சட்டத் திருத்தம் நிறைவேறிய வாரம், எங்கள் தெருவில் பல வருடமாகச் சேர்ந்து காலை நடை போன இரண்டு பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து சித்தப்பா வெளியேறியதும் அதே வாரம்தான். நாங்கள் யாரும் படிக்காமல் இல்லை. காலையிலிருந்து இரவுவரை எதையாவது படித்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் படித்ததெல்லாம் அடுத்தவருக்குத் திருப்பி அனுப்புவதற்காகப் படித்தது.

2020 ஜனவரியில் மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 7 பேரை உட்காரவைத்து ஒரு வாசிப்புக் குழு தொடங்கினேன். மூன்றாவது வாரம் உடைந்தது. தவறு என்னுடையது, எங்கே என்று கீழே சொல்கிறேன். அதற்கடுத்த குழு ஊரடங்கில் போனுக்கு மாறி, மறுபடி மாடிக்கு வந்து, இரண்டு தேர்தல்களைத் தாண்டிவிட்டது. நண்பர்கள் வேறு ஊர்களில் தொடங்கிய குழுக்களிலும் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சறுக்கல் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: கையில் இருக்கும் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் இன்றைய செய்திக்குத் தாவிவிடுவது. கீழே உள்ள வரிசை முழுக்க அந்தத் தாவலைத் தள்ளிப்போடுவதற்காகத்தான். வரிசையை மாற்றாதீர்கள், மாற்றியவர்கள் எல்லாரும் ஆறாவது வாரத்துக்கு முன் நின்றுபோனார்கள்.

1. முன்கூட்டியே தயார் செய்ய வேண்டியவை

ஆள்: 5 முதல் 8 பேர். 5க்குக் கீழே போனால், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே கூட்டம் நடக்காது. 8க்கு மேல் போனால் சத்தமாகப் பேசும் இரண்டு பேர் மட்டும் பேசுவார்கள்.

நேரம்: வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம். நாங்கள் ஞாயிறு காலை 7 மணிக்குக் கூடுகிறோம். முதல் குழுவை இரவு 8 மணிக்கு வைத்தேன். தொலைக்காட்சி விவாதத்தைப் பாதியில் விட்டுவிட்டு வருவார்கள், முகம் சிவந்திருக்கும். காலையில் செய்தி இன்னும் உடம்பில் ஏறியிருக்காது.

பிரதி: ஆளுக்கொரு தாள் பிரதி. போனில் படிக்க அனுமதிக்காதீர்கள். கவிதையின் மூன்றாவது வரிக்கு வரும்போது மேலே ஒரு செய்தி வந்து விழும், அவ்வளவுதான். சங்கப் பாடல்களை மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இரண்டிலும் இலவசமாக எடுக்கலாம். ஈழத்துப் படைப்புகளுக்கு நூலகம் தளம். எடுத்து, ஜெராக்ஸ் கடையில் பெரிய எழுத்தில் அச்சடித்துக்கொள்ளுங்கள். எழுத்து சின்னதாக இருந்தால் அறுபதைத் தாண்டியவர்கள் கண்ணாடியைத் தேடிக்கொண்டே இருப்பார்கள், சத்தமாகப் படிக்க முன்வர மாட்டார்கள்.

பென்சில்: ஆளுக்கு ஒன்று. பேனா வேண்டாம். ஏன் என்று 8இல் வருகிறது.

இன்னொன்று. ஊரில் தடை உத்தரவு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பேச்சுவழக்கில் இன்னும் 144 என்றுதான் சொல்கிறோம். 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 163ஆவது பிரிவு. உத்தரவின் வாசகத்தைப் படித்து, எத்தனை பேர் கூடக்கூடாது, எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த வாரம் போனிலேயே நடத்திவிடுங்கள். வீரம் காட்ட இது இடமில்லை.

2. ஆட்களை அழைப்பது

உங்களோடு ஒத்துப்போகிறவர்களை மட்டும் கூப்பிட்டால் வேலை சுலபம். ஆனால் அது வாசிப்புக் குழுவாக இருக்காது. புத்தகத்தைச் சாக்காக வைத்து எதிர்க்கட்சியைத் திட்டும் திண்ணையாகிவிடும். உங்களுக்கு எதிராக ஓட்டுப் போடுகிற இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால் அவர் கூண்டில் நிற்பதுபோல உணர்வார், அதனால்தான் இரண்டு.

அழைக்கும்போது "நாட்டு நிலைமை சரியில்ல, வாங்க இலக்கியம் பேசலாம்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்ன அன்றே பாதிப் பேர் தயாரித்த உரையோடு வருவார்கள். எங்கள் தெரு முனையில் தையல்கடை வைத்திருக்கும் அக்காவை நான் கூப்பிட்டது இப்படித்தான்: "அக்கா, ஞாயித்துக்கிழமை காலைல ஒரு பாட்டு படிக்கிறோம். ஒம்போதே வரிதான். காபி உண்டு." "எனக்கு என்னப்பா பாட்டு தெரியும்?" என்றார். வந்தார். இன்றுவரை குழுவில் மிகக் கூர்மையாகப் படிப்பவர் அவர்தான்.

வாட்ஸ்ஆப் குழு தேவைதான், நேரமும் இடமும் சொல்வதற்கு மட்டும். நிர்வாகி மட்டுமே எழுதும்படி அமைத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டதால் உடைந்த குழுக்கள் இரண்டு எனக்குத் தெரியும்.

3. எதைப் படிப்பது

இங்கேதான் நான் தவறினேன். நாடு கொதிக்கிறது, அப்படியானால் அதைப் பற்றிய புத்தகம்தானே வேண்டும் என்று நினைத்து, 'விலங்குப் பண்ணை'யை எடுத்தேன், க.நா.சு. மொழிபெயர்ப்பில். ஆர்வெல் அதை 1945இல் வெளியிட்டார், சின்னப் புத்தகம், ஒரு பண்ணையில் பன்றிகள் அதிகாரத்தைப் பிடிக்கும் கதை, எல்லாருக்கும் புரியும். இதைவிட வேறு என்ன வேண்டும்?

இரண்டாவது வாரமே தகராறு. அந்தப் பன்றி யார் என்பதில். ஒவ்வொருவரும் வரும்போதே தங்கள் பன்றியைக் கையோடு பிடித்து வந்திருந்தார்கள். நடைப் பெரியவர்களில் ஒருவர் ஒரு தலைவர் பெயரைச் சொன்னார், எதிரே இருந்தவர் இன்னொரு தலைவர் பெயரைச் சொன்னார், அப்புறம் புத்தகத்தை யாரும் திறக்கவே இல்லை. மூன்றாவது வாரம் மூன்று பேர் வந்தார்கள், அதில் நானும் என் மனைவியும் அடக்கம்.

புத்தகத்தின் மேல் குற்றமில்லை. இன்றைய சண்டையோடு பொருந்துவது வெளிப்படையாகத் தெரிகிற பிரதியைக் கொடுத்தால், படிப்பவர் விடைத்தாளோடு வந்து உட்கார்கிறார். படிக்கும் வேலையே அவருக்கு மிச்சமாகிவிடுகிறது. ஆகவே முதல் வாரங்களுக்கு, எந்தப் பக்கம் நிற்பது என்று உடனே தெரியாத பிரதியைத் தேடுங்கள். நான் மூன்று சோதனை வைத்திருக்கிறேன்.

ஒன்று, நம் ஊர்க் கட்சிகளின் பெயரை அதில் ஒட்டவைக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆக வேண்டும். இரண்டாவது, தப்பான பக்கம் என்று தோன்றுகிற இடத்திலும் நாம் கவலைப்படும்படியான ஓர் உயிர் அதில் இருக்க வேண்டும். மூன்றாவது, சத்தமாகப் படித்தால் 15 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். வீட்டில் படித்துவிட்டு வருவார்கள் என்று முதல் மாதத்தில் நம்பாதீர்கள். வர மாட்டார்கள், அதனால் ஏற்படும் குற்ற உணர்வில் அடுத்த வாரம் ஆளே வர மாட்டார்.

தெருவில் சண்டைக்குக் காரணமாக இருக்கும் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு தொடங்குவதும் தவறு. பெருமாள் முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வெளிவந்தது 2010இல். திருச்செங்கோட்டில் எதிர்ப்பு எழுந்தது 2014 கடைசியில். உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2016 ஜூலையில். நடுவில் இருந்த அந்தக் காலத்தில் அதைப் பற்றிப் பேசியவர்களில் முழுதாகப் படித்தவர் எத்தனை பேர் என்று உங்கள் வட்டத்திலேயே கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட நாவலைப் பொறுமையாகப் படிக்க, ஏற்கெனவே கை பழகிய குழு வேண்டும். ஒரு வருடம் கழித்து எடுங்கள்.

நாங்கள் இப்போது பின்பற்றும் வரிசை: 4 வாரம் கவிதை, 2 வாரம் சிறுகதை, 4 வாரம் நாவல். மொத்தம் 10 வாரம். கவிதை முதலில் வருவதற்குக் காரணம் எளிது. 9 வரியை விட்டு ஒருவர் விலகிப் போனால் எல்லாருக்கும் உடனே தெரிந்துவிடும். நாவலில் விலகினால் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆகும்.

4. முதல் நான்கு வாரம்: கோவூர் கிழார்

புறநானூற்றில் 44, 45, 46, 47 என அடுத்தடுத்து நான்கு பாட்டு. நான்கும் கோவூர் கிழார் பாடியவை. நான்கும் அரசியல் நெருக்கடியில் ஓர் ஆள் அதிகாரத்தின் முன் நின்று பேசுவது. வாரத்துக்கு ஒன்று. ஔவை துரைசாமி உரை கையில் இருந்தால் நடத்துபவருக்குத் தைரியம். ஆனால் உரையைக் கூட்டத்தில் விரிக்காதீர்கள். உரை வந்ததும் எல்லாரும் மாணவர்களாகிவிடுவார்கள், நடத்துபவர் வாத்தியாராகிவிடுவார்.

முதல் வாரம் 44. ஆவூர்க் கோட்டைக்குள் சோழன் நெடுங்கிள்ளி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், வெளியே அதே சோழக் குடியைச் சேர்ந்த நலங்கிள்ளியின் முற்றுகை. இந்தச் சூழலை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பாட்டைப் படியுங்கள். மூன்று முறை, மூன்று வேறு ஆட்கள். முதல் முறை யாருக்கும் ஒன்றும் புரியாது, அது பரவாயில்லை. இரண்டாவது முறை ஒவ்வொரு வரியாக அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லுங்கள். மூன்றாவது முறை நிறுத்தாமல்.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "இந்தப் பாட்டில் யார் யாருக்குப் பசி, யார் யாருக்குத் தாகம்?" எங்கள் மாடியில் முதல் பதிலைத் தையல்கடை அக்கா சொன்னார்: "யானைக்கு." சரிதான். கோவூர் கிழார் மனிதர்களிடமிருந்து தொடங்கவில்லை. குளத்தில் படியாத யானை, நெய் சேர்த்த கவளம் கிடைக்காத யானை, கட்டுத்தறியில் கிடந்து பெருமூச்சு விட்டு இடிபோல முழங்குகிறது. அதற்குப் பிறகுதான் பாலில்லாமல் அலறும் குழந்தை, பூவில்லாத வெறுந்தலையை முடிந்துகொள்ளும் பெண்கள், தண்ணீர் இல்லாத வீடு. இதையெல்லாம் அடுக்கிவிட்டு அரசனிடம் சொல்கிறார்: அறம் உனக்குண்டு என்றால் 'இது உன்னுடையது' என்று கதவைத் திற, மறம் உண்டு என்றால் போருக்குத் திற, இரண்டும் இல்லாமல் மதிலுக்குள் ஒடுங்கிக் கிடப்பது வெட்கக்கேடு.

கவனித்தீர்களா, யார் பக்கம் நியாயம் என்று அவர் சொல்லவே இல்லை. அந்த ஒரு மணி நேரம் எங்கள் குழுவிலும் யாரும் அதைக் கேட்கவில்லை. யானையிலிருந்து வீட்டுத் தண்ணீர்வரை எண்ணிக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது வாரம் 45. இடம் உறையூர், அதே இரண்டு பேர். பனந்தோடு அணிந்த சேரன் இல்லை, வேப்பந்தெரியல் சூடிய பாண்டியன் இல்லை. உன் தலையிலும் சோழர் சூடும் ஆத்தி, உன்னோடு போரிடுகிறவன் தலையிலும் ஆத்தி. ஒருவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. இருவரும் வெல்வது நடக்கிற காரியம் இல்லை. இந்தச் சண்டையைப் பார்த்து மகிழப்போவது உங்களைப் போன்ற மற்ற வேந்தர்கள்தான். மொத்தம் 9 வரி. இங்கே ஒரு கல்லூரி மாணவர் "அப்ப சண்டை நின்னுச்சா சார்?" என்று கேட்டார். பாட்டு சொல்லவில்லை. 47ஆம் பாட்டின் குறிப்பில் நெடுங்கிள்ளிக்குக் 'காரியாற்றுத் துஞ்சிய' என்ற அடைமொழி இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். காரியாற்றில் இறந்தவன் என்று பொருள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மூன்றாவது வாரம் 46. இதற்கு ஒரு தந்திரம் வேண்டும். பாட்டின் கீழே உள்ள குறிப்பை ஜெராக்ஸ் எடுக்கும்போதே மறைத்துவிடுங்கள். சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடப்போகிறான். கோவூர் கிழார் பாடி அவர்களைக் காப்பாற்றினார் என்று அந்தக் குறிப்பு முடிவையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. முடிவு தெரிந்தால் பாட்டின் பயம் போய்விடும். பாட்டில் இருப்பது இவ்வளவுதான்: நீ புறாவின் துன்பம் மட்டுமல்ல, பிற துன்பமும் தீர்த்தவன் வழியில் வந்தவன், இவர்களோ புலவர்களுக்குப் பகுத்துக் கொடுத்து உண்டவர்களின் பிள்ளைகள். அழுதுகொண்டிருந்த குழந்தைகள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்டார்கள். மன்றத்தை மருண்டு பார்க்கிறார்கள். இதுவரை அறியாத ஒரு நோவு அவர்களுக்கு. கடைசி வரியில் கட்டளை இல்லை, சாபமும் இல்லை. கேட்டாய் அல்லவா, இனி நீ விரும்பியதைச் செய்.

யானையைப் பார்த்ததும் குழந்தை ஏன் அழுகையை நிறுத்துகிறது? வேடிக்கை பார்க்கிறது என்றார் ஒருவர். பயத்தில் என்றார் இன்னொருவர். அக்கா சொன்னார், "என் பேரன் கோயில் யானையைப் பாத்தா அழுகையை நிறுத்திருவான் தம்பி. அவனுக்கு அது என்ன பண்ணும்னு தெரியாதுல்ல." இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான்காவது வாரம் 47. உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று சந்தேகித்துக் கொல்லப்போகிறார்கள். சுருக்கமான பாட்டு, நேரடியாகப் புரியும். இதற்கு நீண்ட நேரம் ஒதுக்க வேண்டாம். மிச்ச நேரத்தில் நான்கையும் சேர்த்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

5. கேள்விகளின் வரிசை

ஒவ்வொரு கூட்டத்திலும் கேள்விகள் இந்த வரிசையில்தான் வர வேண்டும்.

முதல் 20 நிமிடம்: பக்கத்தில் என்ன இருக்கிறது? யார், எங்கே, கையில் என்ன, யார் பேசுகிறார், யார் பேசவில்லை. அபிப்பிராயம் எதுவும் கிடையாது.

அடுத்த 30 நிமிடம்: ஏன் இப்படிச் சொல்லியிருக்கிறார்? யானை ஏன் முதலில்? கடைசி வரி ஏன் கட்டளையாக இல்லை?

அதற்குப் பிறகுதான், கடைசி 20 நிமிடம் மட்டும்: இதைப் படிக்கும்போது உங்களுக்கு எது ஞாபகம் வந்தது? "இது இன்றைக்கு எப்படிப் பொருந்துகிறது" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி சொற்பொழிவை வரவழைக்கும். ஞாபகத்தைக் கேட்டால் ஆள் தன்னைப் பற்றிப் பேசுவார். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், இந்தக் கேள்விக்குப் பதிலாக, ஒரு கலவர இரவில் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்த கதையைச் சொன்னார். அவரோடு அரசியலில் எனக்கு எந்த ஒட்டும் கிடையாது. அன்றைக்கு அவர் பேச்சை யாரும் குறுக்கிடவில்லை.

6. சண்டை வந்தால்

வரும். வராவிட்டால் எல்லாரும் ஒரே கட்சி என்று அர்த்தம்.

ஒரே கருவிதான் என்னிடம் இருக்கிறது, அது பெரும்பாலும் வேலை செய்கிறது: "அண்ணே, இது எந்த வரியில இருக்கு?" குரலை உயர்த்தாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் தொனியில் கேட்க வேண்டும். ஒன்று, அவர் வரியைத் தேடிக் காட்டுவார், பேச்சு பிரதிக்குத் திரும்பும். இல்லையென்றால் வரி இல்லை என்று அவருக்கே தெரியும். இரண்டாவது முறை கேட்க வேண்டி வந்தால், பாட்டை மறுபடி ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், கோபமாக இருப்பவரையே. மூச்சுவிட்டு நிறுத்தி நிறுத்திப் படிப்பவரால் அதே நேரத்தில் கத்த முடியாது.

நடத்துபவர் இந்தக் கேள்வியைத் தன் பக்கத்து ஆளிடமும் கேட்க வேண்டும். எதிர்ப்பக்கத்து ஆளிடம் மட்டும் கேட்டால் இரண்டே வாரத்தில் பிடிபட்டுவிடுவீர்கள். நான் பிடிபட்டேன்.

ஒருவர் இன்னொருவரின் மதத்தையோ சாதியையோ இழுத்தால் இந்தக் கருவி போதாது. கூட்டத்தை அப்போதே முடித்துவிட்டு, அவரோடு தனியாகப் பேசுங்கள். எல்லார் முன்னாலும் திருத்த முயன்றால் அவர் தன் வார்த்தையைக் காப்பாற்றிக்கொள்ள இன்னும் இரண்டு வார்த்தை சேர்ப்பார்.

7. ஐந்தாவது, ஆறாவது வாரம்: ஒரே சிறுகதை, இரண்டு முறை

உருது எழுத்தாளர் மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்'. தமிழில் மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. பிரிவினைக்குச் சில வருடம் கழித்து இந்தியாவும் பாகிஸ்தானும் தங்கள் பைத்தியக்கார விடுதிகளில் இருப்பவர்களை மதவாரியாக மாற்றிக்கொள்ள முடிவு செய்கின்றன. லாகூர் விடுதியில் 15 வருடமாக உட்காராமல் நிற்கும் பிஷன் சிங், தன் ஊர் டோபா டேக் சிங் இப்போது எந்த நாட்டில் இருக்கிறது என்று எல்லாரிடமும் கேட்கிறான்.

முதல் வாரம் கதையைச் சிரித்துக்கொண்டே படிப்பார்கள். ஒருவன் மரத்தில் ஏறி, எனக்கு இரண்டு நாடும் வேண்டாம், மரத்திலேயே இருக்கிறேன் என்கிறான். சிரிக்கட்டும், தடுக்காதீர்கள்.

இரண்டாவது வாரம் அதே கதை. இந்த முறை ஒரு காட்சியில் நில்லுங்கள். பழைய நண்பர் ஃபஸல்தீன் பார்க்க வருகிறார். உன் குடும்பத்தார் எல்லாரும் பத்திரமாக இந்தியா போய்விட்டார்கள் என்கிறார். மகள் ரூப் கௌர் பெயர் வரும்போது தடுமாறுகிறார். அவளும் நலம்தான் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறார். அந்தத் தடுமாற்றத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். முதல் வாசிப்பில் எங்கள் 8 பேரில் ஒருவர்கூட அந்த இடத்தைக் கவனிக்கவில்லை. இரண்டாவது வாசிப்பில் அதற்கு மேல் கதையைப் படிக்கக் குரல் எழவில்லை. ஒரே கதையை இரண்டு வாரம் வைத்திருப்பது இதற்காகத்தான். புதிய ஆட்கள் "போன வாரம் படிச்சதுதானே" என்று முணுமுணுப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

8. பென்சில், தேதி, கையெழுத்து

ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் ஆளுக்கொரு வரியைத் தேர்ந்தெடுத்துக் கோடு போட்டு, பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதுங்கள். குழுவுக்கென்று ஒரு பொதுப் பிரதி வைத்துக்கொண்டு அதில் செய்வது நல்லது. பென்சில் ஏனென்றால், மூன்று மாதம் கழித்து மனம் மாறினால் அழிக்கலாம்; பெரும்பாலும் யாரும் அழிப்பதில்லை, பக்கத்தில் இரண்டாவது தேதி போடுகிறார்கள்.

இந்த வழக்கம் தென்னாப்பிரிக்காவில் மண்டேலா இருந்த ராபன் தீவுச் சிறையிலிருந்து எடுத்தது. அங்கே சன்னி வெங்கடரத்தினம் என்ற கைதி, ஷேக்ஸ்பியரின் முழுத் தொகுப்பைத் தீபாவளி வாழ்த்து அட்டைகளால் மூடி, தன் வேதப் புத்தகம் என்று காவலர்களை நம்பவைத்து வைத்திருந்தார். அது கைமாறிப் போக, கைதிகள் தங்களுக்குப் பிடித்த இடத்தில் கையெழுத்திட்டார்கள். மண்டேலா 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில், கோழைகள் சாவதற்கு முன்பே பலமுறை சாகிறார்கள் என்று வரும் இடத்தில் 1977 டிசம்பர் 16 என்று தேதியிட்டிருக்கிறார். என்ன நினைத்தார் என்று எழுதவில்லை. எந்த வரி, எந்த நாள் என்பது மட்டும். உங்கள் குழுவிலும் விளக்கம் கேட்காதீர்கள். விளக்கம் கேட்டால் பாதுகாப்பான வரியைத் தேர்ந்தெடுப்பார்கள்.

இதோடு வாரம் இரண்டு வரி மனப்பாடம். கேட்டதும் பள்ளிக்கூட ஞாபகத்தில் முகம் சுளிப்பார்கள். ஸ்டாலின் காலத்தில் ரஷ்யக் கவிஞர் அக்மதோவா சிறையிலிருந்த தன் மகனுக்காக லெனின்கிராட் சிறை வாசலில் 17 மாதம் வரிசையில் நின்றபோது பிறந்த 'ரெக்வியம்' கவிதைகளை எழுதி வைக்க முடியவில்லை. நம்பிக்கையான சில தோழிகள் மனப்பாடம் செய்து காத்தார்கள். சோவியத் நாட்டில் அது அச்சானது 1987இல்தான். நமக்கு அந்த நிலை இல்லை. ஆனால் செய்தியைப் பார்த்துக் கை நடுங்கும் ஓர் இரவில் புத்தகத்தைத் தேடி எழுந்து போகமாட்டோம். வாயில் இருக்கும் வரிதான் அப்போது உதவும். 45இன் ஐந்தாம், ஆறாம் வரி பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் இருப்பதால் எளிதில் நிற்கும்.

9. ஏழு முதல் பத்தாவது வாரம்: நாவல்

அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு', 1977இல் வந்தது. நிஜாமின் ஐதராபாத் இந்தியாவோடு சேருமா சேராதா என்று தெரியாமல் தத்தளித்த மாதங்கள், நிஜாமுக்காக ஆயுதம் ஏந்திய ரஜாக்கர்கள், 1948 செப்டம்பரில் 5 நாளில் முடிந்த ராணுவ நடவடிக்கை. இவற்றுக்கு நடுவே செகந்திராபாத்தில் ஒரு தமிழ்ப் பையன் சந்திரசேகரன் கிரிக்கெட் ஆடுகிறான், மாட்டைப் பார்த்துக்கொள்கிறான், கல்லூரி போகிறான்.

இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அரசியல் இதில் ஓரத்தில் நடப்பதுதான். பழகாத வாசகர்கள் "எப்ப சார் மேட்டர் வரும்?" என்று கேட்பார்கள். மாட்டுக்குத் தீவனம் தேடுவதும் கிரிக்கெட்டும்தான் மேட்டர். நாடு கவிழும்போதும் ஆட்களின் நாள் இப்படித்தான் போகிறது. கவிதையில் யானையின் பசியை எண்ணப் பழகியவர்களுக்கு இது பிடிபடும்.

நான்கு சம பாகமாகப் பிரியுங்கள். வீட்டில் படித்துவர வேண்டும். ஆனால் ஒவ்வொரு வாரமும் 3 பக்கமாவது சத்தமாகப் படியுங்கள், படிக்காமல் வந்தவருக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். எங்கே 'நான்' என்று சொல்கிறார், எங்கே 'சந்திரசேகரன்' என்று சொல்கிறார் என்று பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு வேலை கதைச்சுருக்கம் சொல்வதைத் தடுக்கும். கதைச்சுருக்கம் நாவல் கூட்டங்களின் சாபம். ஒருவர் ஆரம்பித்தால் 40 நிமிடம் போய்விடும்.

கடைசிப் பக்கங்களைக் கூட்டத்தில் சத்தமாகப் படிக்காதீர்கள். அவரவர் வீட்டில் தனியாகப் படித்துவிட்டு வரட்டும். ஒரு கலவர இரவும் ஒரு வீடும் வருகிற அந்த இடத்தில் வாசகருக்கு ஏற்படும் கூச்சம், எட்டுப் பேர் நடுவில் இருமலும் தொண்டைச் செருமலுமாகச் சிதறிப்போகும். எங்கள் முதல் சுற்றில் அப்படித்தான் வீணானது.

'விலங்குப் பண்ணை'யை மறுபடி எடுக்க ஆசைப்பட்டால் இந்தப் பத்து வாரத்துக்குப் பிறகு எடுங்கள். அப்போது பன்றியை விட்டுவிட்டு குளோவர் என்ற பெண்குதிரையைப் பின்தொடரச் சொல்லுங்கள். சுவரில் எழுதிய கட்டளை மாறிவிட்டதோ என்று அதற்குச் சந்தேகம் வருகிறது. தானாகப் படிக்க முடியாததால் ஆட்டைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறது. படுக்கையில் தூங்கக்கூடாது என்றுதானே இருந்தது, 'விரிப்போடு' என்று இருந்ததா? எங்கள் குழு இரண்டாம் முறை படித்தபோது அந்தப் பக்கத்திலேயே ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தது. தலைவர்கள் பெயர் ஒன்றுகூட வரவில்லை.

10. பதினோராவது வாரம்

அடுத்த பிரதியை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். பத்து வாரம் நீங்களே தேர்ந்தெடுத்தால் அது உங்கள் குழுவாகிவிடும், உங்களுக்குச் சலிப்பு வந்த அன்று நின்றுவிடும். பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். வருகிறவர் எதைக் கொண்டுவந்தாலும் மறுக்காதீர்கள், 3இல் சொன்ன சோதனைகளை மட்டும் அவரிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

எங்கள் சீட்டில் தையல்கடை அக்கா பெயர் வந்தது. அவர் 46ஆம் பாட்டையே மறுபடி கொண்டுவந்தார். ஜெராக்ஸ் ஏற்கெனவே கையில் இருந்ததால் அந்த வாரம் செலவு காபிக்கு மட்டும்தான்.